ஆறு வற்றிய மாதங்களில் மனம் எங்கே இளைப்பாறுவது?

வெண்ணாற்றங்கரை | மாசி 12

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டியில் போய் வந்துவிடலாம். பத்தொன்பது ஆண்டுகள் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சென்ற ஐப்பசியில் அந்த வேலை போயிற்று. ஊருக்கு வந்து மூச்சு விடுவதற்குள், தை ஒன்பதாம் நாள் அப்பா காலமானார். அதற்கு நான்கு நாள் முன்புதான், அறுவடைக்கு நின்ற சம்பாவுக்குள் இறங்கி உளுந்து தெளித்துவிட்டு வந்திருந்தார். கருமாதி முடிந்து நெல்லை அறுத்தோம். இப்போது தாள்களுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கிறது. அறுவடைக்கு வந்த செயின் வண்டி ஏறி இறங்கிய தடத்தில் மட்டும் முளைப்பு இல்லை.

நான் கேட்க வந்தது வேளாண்மை பற்றியதன்று. சிறு வயது முதல் காலையில் குளித்துத் திருநீறு பூசி, நான்கு பதிகமாவது சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பேன். சென்னையின் நெரிசலிலும் அந்த வழக்கம் விட்டுப்போனதில்லை. இப்போது நாள் முழுவதும் நேரம் இருந்தும் வாய் திறந்தால் சொல் வருவதில்லை. வந்தாலும் அது யாரோ ஒருவருடைய சொல்லாக இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் நன்மைக்கே என்கிறார்கள். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், "தம்பி இப்போ சும்மாத்தான் இருக்கீங்களா?" என்று விசாரிக்கிறார்கள். இரண்டையும் தாங்க முடியவில்லை.

இப்படிப்பட்ட காலத்தில் மனத்துக்கு ஓய்வு என்று உண்மையிலேயே ஒன்று உண்டா? உண்டென்றால் அதைத் தேடிப் போக வேண்டுமா, அதுவாக வருமா? இனி எதற்காக வாழ்வது என்ற கேள்விக்கு இப்போதே விடை கண்டாக வேண்டும் என்று நான் பதைப்பது சரியா? மாலையில் பாலத்தின் மேல் நின்று, மணல் மட்டும் தெரிகிற ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடை தெரிந்தவர்கள் மட்டுமல்லாமல், இந்த இடத்தைக் கடந்து வந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

கடைமடைக்காரர் | மாசி 13

தம்பி, தலைஞாயிறு பக்கத்து உழவன் நான். தண்ணீர் உங்கள் ஊரைத் தாண்டி, கடைசியாகத்தான் எங்களுக்கு வந்து சேரும். சில ஆண்டுகளில் சேராமலும் போகும். வேளாண்மை பற்றிக் கேட்கவில்லை என்று எழுதிவிட்டீர்கள். ஆனாலும் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதன் வழியாகவே சொல்கிறேன்.

முறைப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். இடைப்பட்ட நாலரை மாதமும் நம் ஆறுகள் வெறும் மணல்தான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு நிலம் செத்துக் கிடப்பதாகத் தெரியும். கோடை உழவு போட்டுப் புழுதியைக் காயவிட்டவனுக்குத் தெரியும், அந்தக் காய்ச்சலும் சாகுபடியில் ஒரு பங்கு என்று. ஒரு பலம் எடையுள்ள புழுதி கால் பலமாகச் சுண்டும் வரை காயவிட்டால், ஒரு பிடி எருகூட இல்லாமலே பயிர் செழிக்கும் என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கணக்கர், அந்தக் கணக்கைப் பாருங்கள். முக்கால் பங்கு போய்விட்டதை அவர் இழப்பில் எழுதவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டால் பொய்யனாவேன். காய்கிற நிலத்துக்குக் கடன் கிடையாது. காய்கிற மனிதனுக்கு உண்டு. வட்டிக்குக் கோடை விடுமுறை இல்லை. அணை திறக்கும் தேதியும் நம் கையில் இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12 வந்து வந்து போயிற்று, அணை அந்தத் தேதியில் திறக்கவில்லை, 2020இல்தான் திறந்தது. ஆகவே, பொறுங்கள், ஆனியில் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிய அன்று என் தென்னை அறுபத்திரண்டும் சாய்ந்தன. முப்பது ஆண்டு மரங்கள். வேரோடு புரண்ட தூரில் உட்கார்ந்து நானும் உங்களைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் பேசக்கூட எனக்கு வாய் வரவில்லை. குலதெய்வத்திடம் போனேன், அங்கும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, படியில் படுத்துத் தூங்கிவிட்டேன். பூசாரி எழுப்பவில்லை. இவ்வளவு காலம் கும்பிட்டதில், அன்று அந்தப் படியில் கிடைத்த தூக்கத்தைத்தான் தெய்வம் கொடுத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் உளுந்தைப் பற்றி ஒன்று. அது தண்ணீர் பாய்ச்சி வளர்கிற பயிர் இல்லை. நெல் குடித்து மிச்சம் வைத்த ஈரத்திலும், இரவில் இறங்கும் பனியிலுமே வளர்ந்துவிடும். நெல்லை அறுத்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் ஈரம் போய்விடும் என்பதால்தான், நிற்கிற பயிரின் காலடியிலேயே முன்கூட்டித் தெளிக்கிறோம். உங்கள் அப்பா அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அது போதும்.

துலாக்கட்டம் | மாசி 14

மயிலாடுதுறையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். "சும்மா" என்ற சொல் உங்களைக் குத்தியிருக்கிறது. நம் மொழியில் அதைவிட ஏளனமான சொல்லும் இல்லை, உயர்ந்த சொல்லும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரசில் கணக்கு வேலை பார்த்தவர் என்று மரபு சொல்லும் தாயுமானவருக்கு மௌனகுரு உபதேசித்தது, சும்மா இரு என்பதைத்தான். அதை வாழ்நாள் முழுவதும் பாடிப் பாடி, அது கைகூடவில்லையே என்று ஏங்கியிருக்கிறார். உங்களைப் போன்ற ஒரு கணக்கருக்கு அது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது என்றால், சும்மா இருப்பது வேலையற்றவன் வேலை அன்று என்பது விளங்கும். கடைத்தெருவில் அடுத்த முறை யாராவது கேட்டால், "முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வெறுமனே உட்கார்ந்திருந்தால் மனம் சும்மா இருப்பதில்லை என்பதையும் நான் பட்டறிந்திருக்கிறேன். கணவர் மறைந்த ஆண்டில் நான் ஊஞ்சலில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி பைத்தியமானேன். கைக்கு ஒரு சிறு வேலை வேண்டும். அதில் இலாபமும் இருக்கக் கூடாது, புகழும் இருக்கக் கூடாது. அப்பர் சுவாமிகளின் கையில் உழவாரம் என்னும் புல் செதுக்கும் கருவியைக் கொடுத்து நம் முன்னோர் சிலை வடித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய முற்றத்தில், கல்லோடு கல்லாகப் பொன்னும் மணியும் கிடக்குமாறு இறைவன் செய்தான் என்றும், அவர் அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு மீண்டும் புல்லைச் செதுக்கப் போய்விட்டார் என்றும் புராணம் கூறுகிறது. இதை வகுப்பில் பற்றின்மைக்கு உதாரணமாக முப்பது ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கணவர் போன பிறகு படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்த முதியவருக்கு அன்று வேண்டியிருந்தது அடுத்த புல் மட்டுந்தான்.

"நோக்கம்" என்ற சொல்லையே சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள் என்பேன். அது தொலைவில் இருப்பதைப் பார்க்கச் சொல்கிற சொல். கண்ணீர் மறைக்கும் கண்ணுக்குத் தொலைவு தெரியாது. பணி என்ற சொல் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது.

காலம் தாழ்ந்துவிடுமோ என்ற அச்சமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. எங்கள் ஊர்த் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுவதும் காவிரியில் நீராடுவது புண்ணியம். ஐப்பசியின் கடைசி நாளான கடைமுகத்தன்று கூட்டம் தாங்காது. கால் முடியாத ஒருவர் நடந்து நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவர் அழுததைக் கண்டு, கார்த்திகை முதல் நாள் மூழ்கினாலும் அதே பயன் உண்டு என்று இறைவன் அருளினாராம். அன்றைய நீராடலுக்கு முடவன் முழுக்கு என்றே பெயர், இன்றும் நடக்கிறது. கடைமுகத்துக் கூட்டத்தில் நசுங்குவதைவிட முடவன் முழுக்கன்று போய் நிதானமாகக் குளிப்பது எனக்குப் பிடிக்கும். இது சாத்திரம் இல்லை, என் முழங்காலின் கருத்து.

ஓடம்போக்கி | மாசி 14

பெரியவர்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் திருவாரூர்க்காரன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். கோடையில் நிலம் இளைப்பாறுகிறது என்கிறீர்கள். அந்த நிலத்தில் நடவு நட்டவர்களும் களை பறித்தவர்களும் கோடையில் எங்கே இளைப்பாறினார்கள்? என் அம்மா நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டப் போவார். அந்த வேலையும் இல்லாத நாளில் திருப்பூருக்குப் போன அண்ணனின் பணத்துக்குக் காத்திருப்பார். மனத்தின் வறட்சியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்கே கொஞ்சம் நெல் இருப்பில் இருக்க வேண்டும். சொந்த வயலும் சொந்தத் திண்ணையும் உடையவர்களின் சொல்லாக இந்த உரையாடல் இழை ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். இழை தொடங்கியவரைக் குறை சொல்வது என் எண்ணம் இல்லை.

படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் தேர்வுகள் எழுதித் தோற்றபோது, நானும் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தேன். எங்கள் தெருவில் படிக்கத் தெரியாத முதியவர்கள் ஓய்வூதிய விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். எரிச்சலுடன்தான் எழுதிக் கொடுத்தேன். பிறகு எரிச்சல் குறைந்தது. எப்போது குறைந்தது என்று கேட்டால் தெரியாது. ஆசிரியை அம்மா சொல்லும் உழவாரம் இதுவாக இருக்கலாம். கோயில் இல்லாமலும் அது நடந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாகைச் செவிலி | மாசி 15

வெண்ணாற்றங்கரை அண்ணா, முதலில் ஒரு செவிலியாகக் கேட்கிறேன். இரவில் தூங்குகிறீர்களா? பசிக்கிறதா? விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு அடைக்கிறதா? முன்பு பிடித்திருந்த எதிலும் மனம் ஒட்டாமல், பெரும்பாலான நாட்கள் முழுவதும் இப்படியே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் நாள் கணக்கே பார்க்கக் கூடாது, அன்றே சொல்லிவிட வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு, பக்தியில் வரும் வறட்சி வேறு. மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றாக வந்து உட்காருவதும் உண்டு. மாத்திரை சாப்பிட்டால் நம்பிக்கை குறைந்தவன் என்று யாராவது சொன்னால், அவர் இரத்தக் கொதிப்புக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

இனி ஒரு கிறித்தவளாகச் சொல்கிறேன். எங்கள் வேதத்தில் எலியா என்ற தீர்க்கதரிசியின் கதை வருகிறது. பெரிய வெற்றி ஒன்றைக் கண்ட கையோடு உயிருக்கு அஞ்சி ஓடி, வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். தேவதூதன் வந்து அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பினான், மறுபடியும் சாப்பாடு. பிறகு நாற்பது நாள் நடை. அதற்கும் பிறகுதான், ஓரேப் மலையில், உனக்கு இங்கே என்ன காரியம் என்ற கேள்வியைக் கடவுள் கேட்கிறார். எதற்காக வாழ்வது என்ற கேள்விக்கு இப்போதே விடை வேண்டுமா என்று கேட்டிருந்தீர்களே. அந்தக் கேள்வியை ஒருவரிடம் எப்போது கேட்கலாம் என்பதற்கு, எனக்குத் தெரிந்த வரிசை இதுதான்: சாப்பாடு, தூக்கம், சாப்பாடு, நடை, பிறகு கேள்வி.

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது நான் செவிலியர் படிப்பில் இருந்தேன்; நிவாரண முகாமில் உதவிக்கு நின்றேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் அம்மா, நாள் கணக்கில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லப் பல பேர் வந்தார்கள், செபிக்கவும் வந்தார்கள். ஒருநாள் யாரும் சொல்லாமல் அவரே எழுந்து வந்து, சமையல் கொட்டகையில் முறத்தை வாங்கி அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தார். அன்று அவர் தேறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். மறுநாளும் வந்து பொறுக்கினார்.

நாகூர்க்காரன் | மாசி 16

சகோதரி எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நபிகளுக்கே சில காலம் வஹீ என்னும் இறைச்செய்தி வராமல் நின்றிருந்தது; இறைவன் கைவிட்டுவிட்டான் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அதன் பிறகு இறங்கிய லுஹா அத்தியாயம், முற்பகலின் மீதும் அடங்கிய இரவின் மீதும் ஆணையிட்டு, உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை என்கிறது. வெளிச்சத்தோடு சேர்த்து இரவின் மீதும் ஆணையிட்டிருப்பதை நான் நெடுநாள் கவனித்ததில்லை. தொழிலில் நொடித்துப்போன இரண்டு ஆண்டுகள், மனம் ஒன்றாமலே ஐந்து வேளையும் தொழுதேன். அது போலித்தனம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. மனம் வராவிட்டாலும் உடம்பு வந்து நிற்கிறதே, அதுவும் வருகைதான் என்று எங்கள் உஸ்தாது, எனக்கு ஓதிக் கொடுத்த ஆசிரியர், சொன்னார். பதிகம் வாயில் வராவிட்டால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்து மட்டும் பாருங்கள் சகோதரரே.

வெண்ணாற்றங்கரை | மாசி 24

உடனே பதில் எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். செவிலித் தங்கை கேட்ட தொல்லைகளில் இரண்டு எனக்கும் இருந்தன. மன்னார்குடியில் மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தூக்கம் கொஞ்சம் வருகிறது.

ஓடம்போக்கித் தம்பி சொன்னது நெஞ்சில் தைத்தது, அதை மறுக்க மாட்டேன். எங்கள் வயலில் இத்தனை ஆண்டுகளாக நட்டவர்களின் பெயர்களில் நான்கு கூட எனக்குத் தெரியவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அம்மாவுக்கு எல்லாப் பெயரும் தெரிந்திருந்தது.

ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் எழுதுகிறேன். முந்தாநாள் மாலை அம்மா என்னை ஆற்றுக்குள் அழைத்துப்போனார். நான் சிறுவனாக இருந்தபோது கோடையில் குடிதண்ணீருக்கு ஊற்றுத் தோண்டிய இடம் அது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது, யாரும் தோண்டுவதில்லை. மணலும் முன்போல் இல்லை, பல இடங்களில் அள்ளிப்போய்க் களிமண் தெரிகிறது. முழங்கை ஆழம் கையால் பறித்தோம். ஈரம் தட்டியது. இன்னும் ஒரு சாண் போனதும் நான்கு பக்கமும் மணல் சரிந்துகொண்டே நீர் கசிந்தது. நான் அவசரப்பட்டுக் கொட்டாங்கச்சியை விட்டு மொண்டேன், வந்தது சேறு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கலங்கினதை இறைத்து வெளியே ஊற்று, அப்புறம் உள்ளே கையை விடாதே என்றார். இறைத்து ஊற்றிவிட்டு இருவரும் மணலில் உட்கார்ந்தோம். இருட்டும் வரை ஒன்றும் பேசவில்லை. நீர் தெளிந்ததா என்று பார்க்கும் அளவுக்கு வெளிச்சமும் இல்லை. வரும்போது, அப்பா போன பிறகு முதல் முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

கடைமடை ஐயாவுக்கு ஒரு கேள்வி: உளுந்து காய் பிடித்திருக்கிறது. எப்போது பிடுங்குவது?

கடைமடைக்காரர் | மாசி 25

காயில் முக்கால் பங்கு கறுக்கட்டும் தம்பி. அதற்குப் பங்குனி பாதி ஆகிவிடும். வெயில் ஏறினால் காய் வெடித்துச் சிதறும், ஆகவே பனி ஈரம் இருக்கும்போதே காலையில் பிடுங்கிவிடுங்கள். ஆளுக்கு எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள். உங்கள் அம்மாவுக்குப் பெயர்கள் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே.

வெண்ணாற்றங்கரை | ஆடி 19

நெடுநாள் கழித்து இந்த இழைக்கு வருகிறேன். எனக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், எங்கள் ஊர்க்காரர்களுக்கு வங்கிப் படிவங்களையும் பயிர்க் காப்பீட்டு விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுக்கிறேன். ஓடம்போக்கித் தம்பியிடம் கற்றுக்கொண்டது. பணம் வாங்குவதில்லை என்று முதலில் முடிவு செய்திருந்தேன். சிலர் முருங்கைக்காயும் முட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், அதை மறுக்கும் துணிவு எனக்கில்லை. பதிகம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் அந்த நேரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். உளுந்தை, பெயர் தெரியாதிருந்தவர்களோடு சேர்ந்து பிடுங்கினேன். அப்பாவின் கைவீச்சு ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் இடைவெளி விட்டும் விழுந்திருந்தது பிடுங்கும்போது தெரிந்தது.

நேற்று ஆடிப்பெருக்கு. ஆற்றில் புதுத்தண்ணீர் நுரையும் செத்தையுமாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறை முழுவதும் காப்பரிசியும் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள். அம்மா வரவில்லை. சென்ற ஆண்டுவரை ஊருக்கே கயிறு எடுத்துக் கொடுத்தவர் அவர். வற்புறுத்தி அழைத்துப்போக வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் அதை விரும்பவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தேன். செம்மண் கரைத்தாற்போல் இருந்தது. தெளியட்டும் என்று திண்ணையில் மூடி வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள், அம்மா அதை எடுத்துப்போய், அப்பா கொல்லையில் வைத்த செம்பருத்திக்கு அப்படியே ஊற்றிவிட்டார்.